கோடு எங்கே போட்டீங்க?

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாச்சு. எந்த காலேஜ்ல போய் உட்கார்ந்தாலும் பார்வையற்றோருக்கான ஸ்மார்ட் ஸ்டிக் ஒண்ணு கண்டிப்பா இருக்கும். ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ஆர்டுயினோ, ஒரு பஸ்ஸர். முதல் ஸ்லைடுல "இந்தியாவில் இத்தனை கோடி பார்வையற்றோர்"னு ஒரு எண். ஸ்டிக் வேலை செய்யுதான்னு பேனல் கேட்கும். அந்த எண் எப்படி வந்ததுன்னு யாரும் கேட்கிறதில்லை. கேட்கணும்ங்கிறதுதான் என் கட்சி.

2001 சென்சஸ்ல பார்வைக் குறைபாடு உள்ளவங்க சுமார் 1.06 கோடி. 2011ல சுமார் 50 லட்சம். பத்து வருஷத்துல பாதிப் பேருக்குப் பார்வை திரும்பிடுச்சா என்ன? ஒரு கண்ணுல மட்டும் பார்வை இருக்கிறவங்களை 2001ல கணக்குல சேர்த்தாங்க, 2011ல சேர்க்கலை. அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

சென்சஸ்ல வாயால கேட்டு எழுதுவாங்க. கண் மருத்துவ சர்வேயில அளந்து பார்ப்பாங்க. வீடு வீடாப் போய், ஆங்கில 'இ' எழுத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி, அதோட வாய் எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்பாங்க. படிக்கத் தெரியாத பாட்டியும் கையைக் காட்டிச் சொல்லிடலாம். பெரும்பாலும் 50 வயசுக்கு மேல உள்ளவங்களைத்தான் பார்ப்பாங்க. சின்ன வயசுல பார்வையிழப்பு அபூர்வம், சிலரைக் கண்டுபிடிக்கவே ஆயிரக்கணக்கான பேரைச் சோதிக்க வேண்டியிருக்கும். இதுல இன்னொரு சிக்கல்: பகல்ல போனா நல்லாப் பார்வை தெரியிறவங்க வேலைக்குப் போயிருப்பாங்க, தெரியாதவங்க வீட்டுல இருப்பாங்க. டீம் திரும்பப் போகலைன்னா சதவீதம் தானா ஏறிடும்.

சரி, அளந்தாச்சு. எதுக்குக் கீழே போனா பார்வையிழப்பு? கம்பேரேட்டர் சர்க்யூட்ல இன்புட்டைத் தொடாம ரெஃபரன்ஸ் வோல்டேஜை மட்டும் ஏத்தி இறக்கிப் பாருங்க, எல்.ஈ.டி. எரியும், அணையும். இங்கேயும் அதே கதைதான். சாதாரணக் கண் 60 மீட்டர்ல பார்க்கிறதை 3 மீட்டர்லகூட பார்க்க முடியலைன்னா 3/60க்குக் கீழே. உலக சுகாதார நிறுவனத்தோட கோடு அது. இந்தியா 2017 வரைக்கும் வச்சிருந்தது 6/60. 2006-07 சர்வேயில 50 வயசைத் தாண்டினவங்கள்ல, 6/60 கோட்டுல 8%, 3/60 கோட்டுல 3.6%. அதே கண்கள், அதே சோதனை.

2017ல நாமளும் 3/60க்கு மாறினோம். 2015-19 சர்வே முடிவு 2019ல வந்தப்போ, மொத்த மக்கள்தொகையில 1%ஆ இருந்தது 0.36%ஆ குறைஞ்சதுன்னு பேசினாங்க. அந்த 1% பழைய கோடு, 0.36% புதுக் கோடு. ஒரே கோட்டுல வச்சு 50 வயசுக்கு மேல மட்டும் பார்த்தா, 3.6% இப்போ 1.99%. ஏறக்குறைய பாதியாக் குறைஞ்சிருக்கு. பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. அதைச் சொல்றதுக்குக் கோட்டை மாத்தின கணக்கு எதுக்கு? 4 மீட்டர்ல விரல் எண்ணத் தெரிஞ்சு, பஸ் போர்டு தெரியாம நிற்கிற ஒரு பாட்டி 2016ல கணக்குல இருந்தாங்க, 2018ல இல்லை. அவங்க கண்ணுல எதுவும் மாறலை.

கண்ணாடி விஷயம் வேற. இந்த சர்வேக்கள்ல நீங்க தினமும் எப்படி நடமாடுறீங்களோ அப்படியே சோதிப்பாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சர்டிபிகேட் வாங்க, சரியான கண்ணாடி போட்ட பிறகும் பார்வை எவ்வளவுன்னு பார்ப்பாங்க. பவர் ரொம்ப அதிகமா இருந்து கண்ணாடி வாங்க வழியில்லாத ஒருத்தர் சர்வேயில பார்வையற்றவர், சர்டிபிகேட்ல இல்லை. ரெண்டுமே தப்பில்லை, கேள்விதான் வேற.

இப்போ ஸ்டிக்குக்கு வருவோம். அதே 2015-19 சர்வேயில, 50 வயசுக்கு மேல பார்வையிழந்தவங்கள்ல மூணுல ரெண்டு பேருக்குக் காரணம் கண்புரை. அவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வேண்டியது பஸ்ஸர் இல்லை. ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போக ஓர் ஆள், ஒரு வேன், மறுபடி செக்கப்புக்கு ஒரு நினைவூட்டல். சிகிச்சைக்கு அப்புறமும் பார்வை திரும்பாதவங்க எத்தனை பேர், என்ன வயசு? உங்க யூசர் அவங்கதான். அந்த எண்ணைப் போட்டா ஸ்லைடுல மார்க்கெட் சைஸ் சின்னதாத் தெரியும். தெரியட்டுமே.