கேலிக்கும் கலவரத்துக்கும் இடையே

1924-ல் லாகூரில், நபிகள் நாயகத்தின் இல்லறத்தைக் கேலி செய்யும் ‘ரங்கீலா ரசூல்’ என்ற சிறுநூல் வெளிவந்தது. இறந்துபோன மதத் தலைவரின் வாழ்க்கையைப் பழிப்பது அன்றைய சட்டப் பிரிவுக்குள் வராது என்று சொல்லி, அதன் பதிப்பாளர் ராஜ்பாலை 1927-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டு, மத நம்பிக்கையை வேண்டுமென்றே அவமதிப்பதைக் குற்றமாக்கும் 295ஏ பிரிவு இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. கொதிப்பு அதோடு தணியவில்லை. 1929-ல் இல்முதீன் என்ற இளைஞர் ராஜ்பாலைக் குத்திக் கொன்றார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவரும் தூக்கிலிடப்பட்டார். ஒரு சிறுநூலுக்காக இரண்டு உயிர்கள் போயின.

ஒரு சிறுநூலுக்கு இவ்வளவு கோபமா என்று கேட்பவர்கள், நம்பிக்கை மனத்துக்குள் எங்கே குடியிருக்கிறது என்பதை யோசிக்க வேண்டும். பிரசவ அறை வாசலில் காத்திருப்பவரின் வாயில் தானாக வருவது அவர் நம்புகிற தெய்வத்தின் பெயர். பிள்ளைக்குச் சூட்டுகிற பெயரும் அதுதான். நம்பிக்கை உள்ளவருக்கு அது விவாதித்துத் தீர்க்கும் கருத்தல்ல, உறவு. பெற்ற தாயைப் பழிப்பவரிடம் யாரும் ஆதாரம் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை.

பக்தர்களும் கடவுளைக் கேலி செய்ததுண்டு. சுந்தரர் சிவனைப் பித்தன் என்றார். காளமேகம் தெய்வங்களையே வம்புக்கு இழுத்தார். அதெல்லாம் உரிமைப் பேச்சு. அதையே வெளியிலிருந்து ஒருவர் இளக்காரமாகச் சொன்னால், கேலி தெய்வத்தோடு நிற்பதில்லை, கும்பிடுகிறவர் மேலும் விழுகிறது. 2005 செப்டம்பர் 30 அன்று டென்மார்க் நாளிதழான ஜில்லாண்ட்ஸ்-போஸ்டன் நபிகள் பற்றிய 12 கேலிச்சித்திரங்களை வெளியிட்டது. ஒன்றில் தலைப்பாகையே வெடிகுண்டாக இருந்தது. நீங்கள் எல்லோரும் கொலைகாரர்கள் என்று தங்களைப் பார்த்துச் சொல்வதாகவே அங்கு சிறுபான்மையினராக வாழும் முஸ்லிம்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். படங்கள் வெளிவந்தது செப்டம்பரில். டமாஸ்கஸில் டென்மார்க் தூதரகம் எரிந்தது 2006 பிப்ரவரியில். இடைப்பட்ட நான்கு மாதங்களில் டென்மார்க் இமாம்கள் சிலர் ஒரு கோப்பைத் தயாரித்து எகிப்துக்கும் லெபனானுக்கும் கொண்டுபோனார்கள். நாளிதழில் வராத மூன்று படங்களும் அதில் இருந்தன. அவற்றில் ஒன்று, பிரான்ஸில் பன்றிபோலக் கத்தும் போட்டி ஒன்றில் பன்றி முகமூடியோடு நின்ற ஒருவரின் புகைப்படம். நபிகளுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. புண்பட்ட மனம் உண்மையானது; அந்தப் புண்ணைக் கிளறிக் கொண்டுபோன கைகளும் உண்மையானவை. அன்று ஒரு கோப்பு செய்ததை இன்று நம் வாட்ஸ்அப் குழுக்கள் ஒரே இரவில் செய்துவிடுகின்றன.

கடவுளை யாரும் தொடவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1953-ல் பெரியார் திருச்சி டவுன்ஹாலில் பிள்ளையார் சிலையை உடைத்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு பொருள் எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், ஒரு பிரிவினர் அதைப் புனிதமாகக் கருதினால் சட்டம் அதைக் காக்கும் என்று 1958-ல் நீதிமன்றம் சொன்னது. ஆண்டுகள் பல ஓடிவிட்டதால் மறுவிசாரணைக்கு மட்டும் உத்தரவிடவில்லை. புண்பட்டவர் நீதிமன்றப் படியேறினார் என்பதுதான் இதில் நமக்குப் பெரிதாகப் படுகிறது. சாதியையும் மூடநம்பிக்கையையும் சாட எழுத்தாளருக்கு நையாண்டி வேண்டும். அவர் அதிகாரத்தைக் குத்துகிறாரா, எளிய மனிதரின் வழிபாட்டை எள்ளுகிறாரா என்று எழுதும்போதே தன்னைக் கேட்டுக்கொள்ளட்டும். மதத் தலைவர்களோ, முழுப் படைப்பையும் பார்க்காமல் ஆள் திரட்டக் கூடாது. நாமும் கைப்பேசியில் வந்ததை, கோபத்தோடு கோபமாக அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடக் கூடாது.

295ஏ இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு. வேண்டுமென்றே, தீய உள்நோக்கத்தோடு செய்த அவமதிப்பைத்தான் அது குற்றம் என்கிறது. ஆகவே புகார் வந்ததும் வரைந்தவர் வீட்டுக்குப் படை அனுப்புவதற்கு முன், அந்த உள்நோக்கம் இருந்ததா என்று காவல்துறை பார்க்கட்டும். பழைய படத்தைத் தேடியெடுத்துப் புதுத் தலைப்பு போட்டு ஊருக்குள் பரப்பியவர் யார் என்றும் அதே நாளில் விசாரிக்கட்டும்.