மூன்று சுற்று, இரண்டு இறுக்கு



ஒன்பதாம் வகுப்பில் சாரணர் முகாமுக்குப் போனபோது, எங்கள் அணிக்கு நுழைவாயில் கட்டும் வேலை கிடைத்தது. சவுக்குக் கம்பும் கயிறும்தான், ஆணி கூடாது. மதியத்துக்குள் கட்டி நிமிர்த்திவிட்டுப் பெருமையோடு சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால், யாருக்கோ வழிவிடுவதுபோல வாயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது! சாரண ஆசிரியர் திட்டவில்லை. ஒரு கம்பை எடுத்து மூலைக்கு மூலை வைத்துக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். நாற்கோணம் நசுங்கும், முக்கோணம் நசுங்காது என்பது எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

கட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. நெடுக்குக் கம்பில் ‘க்ளோவ் ஹிட்ச்’ முடிச்சுப் போட்டுத் தொடங்க வேண்டும். இரண்டு கம்பையும் சேர்த்து மூன்று சுற்று. பிறகு கம்புகளுக்கு நடுவே புகுந்து, அந்தச் சுற்றுகளையே நெரிக்கும்படி இரண்டு சுற்று. கடைசியில் குறுக்குக் கம்பில் இன்னொரு முடிச்சு. பிள்ளைகள் கோட்டைவிடுவது அந்த நடு இரண்டில்தான். தனியாளாக இழுத்தால் சரியாக இறுகாது. ஒருவன் கம்பைப் பிடிக்க, இன்னொருவன் காலை ஊன்றி இழுக்க வேண்டும்.

சாரணர்கள் இதைப் ‘பயனியரிங்’ என்பார்கள். படைக்கு முன்னே போய்ப் பாதையும் பாலமும் போட்டவர்கள்தான் பயனியர்கள். 1780-ல் மெட்ராஸ் பயனியர்ஸ் என்று இரண்டு கம்பெனிகள் திரட்டப்பட்டன. இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவுக்கு வேர் அதுதான். அதன் வீரர்களுக்கு ராணுவத்தில் செல்லப் பெயர் என்ன தெரியுமா? ‘தம்பி’!

அண்மையில் ஒரு பள்ளி முகாமுக்குப் போயிருந்தேன். வாயில் கோபுரம்போல நின்றது. யார் கட்டியது என்றேன். பந்தல்காரர் என்றார்கள். பிள்ளைகள் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தல்காரரின் கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை; எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

முகாம் நடத்தும் ஆசிரியர்களே, வாயில் கோணலாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கயிற்றைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். ஆள் ஏறுகிற கோபுரம், கயிற்றுப் பாலம் என்றால் மட்டும், ஒவ்வொரு கட்டையும் நீங்களே இழுத்துப் பார்த்த பிறகு ஏற விடுங்கள். சாய்ந்த வாயில்களின் படங்களை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த இதழில் ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்