வூஃபர் மேல பழி போடாதீங்க பாஸ்!

பாக்கெட் மணி சேர்த்து வூஃபர் வாங்கியாச்சு. ஆனா ரூம் நடுவுல உட்கார்ந்தா 'டொம்'மைக் காணோம். சுவரோரம் போய் நின்னா காது அடைக்குது. உடனே "பீஸ் சரியில்ல மச்சி, பெருசா மாத்திடலாம்"னு பர்ஸைத் தடவாதீங்க. குற்றவாளி உங்க ரூம்தான்!

ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் ஓடுது. 10 அடி நீள ரூம்ல எதிரெதிர் சுவர்ல மோதித் திரும்பும்போது, 57 ஹெர்ட்ஸ் பக்கத்துல இருக்கிற ஸ்வரம் மட்டும் தன்னோட தானே சேர்ந்து வீங்கிடும். பேஸ் கிடாரோட 'ஏ' கம்பியை அழுத்தாம மீட்டினா 55 ஹெர்ட்ஸ். அதான் இளையராஜா பாட்டுல பேஸ் கிடார் அழகா நடந்து போறப்ப, ஒரு ஸ்வரம் மட்டும் குதிக்குது, மத்தது பம்முது. இந்த வீக்கமெல்லாம் சுவரோரமும் மூலையிலும்தான். நடுப்புள்ளியில அதே ஸ்வரம் கிட்டத்தட்ட ஜீரோ! 10-க்கு 10 சதுர ரூம்னா இன்னும் மோசம். நீளமும் அகலமும் ஒரே ஸ்வரத்தையே ஊதிவிடும்.

சுவர்ல முட்டை அட்டை ஒட்டுற புண்ணியவான்களே, 6 மீட்டர் நீள அலையை ரெண்டு இன்ச் அட்டை என்ன பண்ணும்?

காசில்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு. வூஃபரைத் தூக்கி நீங்க உட்கார்ற இடத்துல வைங்க. பேஸ் நிறைஞ்ச பாட்டைப் போட்டுட்டு, சுவரோரமா தரையில தவழுங்க. எல்லா ஸ்வரமும் ஒரே அளவா கேட்கிற இடம்தான் வூஃபருக்கு. ரூம்மேட் சிரிப்பான். சிரிக்கட்டும். அந்த இடத்துல அவனோட பீரோ இருந்தா மட்டும், பேச்சுவார்த்தை உங்க பாடு!