கத்திப் பிடியும் வேலிக்காத்தான் மரமும்

குடியானவர் கத்தி வாங்குகையில் அலகைச் சுண்டி ஓசை கேட்கிறார். கூரை விரலால் தடவிப் பார்க்கிறார். பிடியை மாத்திரம் கவனிப்பதில்லை. நாள் முழுவதும் கையோடு உராய்வது பிடியேயன்றி அலகன்று. தர்மபுரி ஜில்லாவில் கேழ்வரகுக் கதிரும் மல்பெரிக் கிளையும் அறுப்போரின் உள்ளங்கைகளை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இக்காலத்தில் சந்தைகளில் பிளாஸ்டிக் பிடியிட்ட கத்திகள் மலிந்திருக்கின்றன. வியர்வை பட்டால் அவை வழுக்குகின்றன. பருமனும் பெரும்பாலும் ஒன்றே. ஆடவர் கைக்கு அமைந்த பிடியைப் பெண்களிடம் கொடுத்துவிட்டு, அறுப்பு மந்தமாக நடக்கிறதென்று நிலச்சுவான்தார் குறை கூறுவது நியாயமாகாது. கொல்லரிடத்தில் அலகை மட்டும் வாங்கி, அறுப்பவர் கையளவுக்கு மரப்பிடி செய்வித்துக் கொடுப்பதே தக்கது என்பது என் அபிப்பிராயம். செலவு சொற்பமே.

எம்மரம் கொள்வது? சந்தனமும் ஈட்டியும் அனுமதியின்றி வெட்டத்தகாதன. அவற்றை நாட வேண்டுவதுமில்லை. ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் மண்டிக் கிடக்கும் வேலிக்காத்தான், அதாவது சீமைக் கருவேல், இதற்கு மிகவும் ஏற்றது. 1877-ஆம் வருஷத்தில் கடப்பைச் சீமையில் விதைக்கப்பட்ட அயல் மரம் இது. இதனை ஒழிக்க வேண்டுமென்று நீதிமன்றமும் அரசாங்கமும் பலகாலும் சொல்லிவருகின்றன. வெட்டியது பெரும்பாலும் விறகாகவும் கரியாகவும் போகிறது. ஆயினும் இதன் வைரம் கடினமானது. காய்ந்தபின் சுருங்குவதும் உப்புவதும் மிகக் குறைவு. கோடையில் கழன்று, மழையில் இறுகும் பிடிகளால் அல்லற்பட்டவர்கள் இக்குணத்தின் அருமையை அறிவார்கள். அமெரிக்காவில் இதே இனத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தைக் கத்திப் பிடிக்கென விரும்பி வாங்குகிறார்கள், நாமோ சூளையிலிடுகிறோம்!

வெளிப்புறத்து வெண்மரத்தைப் புழு அரிக்குமாதலால் அதனை நீக்கி, சிவந்த வைரத்தை மட்டும் கொள்க. மரத்தின் ஈரம் பக்கங்களைக் காட்டிலும் வெட்டுமுனைகளின் வழியே விரைந்து வெளியேறும். வெடிப்புக்குக் காரணம் அதுவே. ஆகவே முனைகளில் மெழுகு பூசி, துண்டுகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் பல மாதங்கள் உலர்த்த வேண்டும். பச்சை மரத்தில் பிடி போட்டுவிட்டுக் கொல்லரை நோவதிற் பயனில்லை.

மரத்தின் இழை பிடியின் நீளவாக்கில் ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் ஒரே வீச்சில் பிளக்கும். பிடியை உருண்டையாகக் கடைவது பெரும் பிழை. முட்டைவடிவாய்ச் சற்றுத் தட்டையாகச் செதுக்கினால், கண்ணால் பாராமலே கூர் எப்பக்கம் இருக்கிறதென்று கை அறியும். கடைசியில் சிறிது புடைப்பு விட்டால் கத்தி கையினின்று நழுவாது. அலகின் வால் கூராயிருப்பின் துளையில் உருக்கிய அரக்கை வார்த்துச் செருகி, வாயில் பூண் இடுக. வால் தட்டையாயிருப்பின் இருபுறமும் பலகை வைத்துப் பித்தளை ஆணியால் தறைக. வாலைப் பழுக்கக் காய்ச்சிச் செருகும் வழக்கமும் உண்டு. அப்போது அலகை ஈரத்துணியால் சுற்றாவிடில் சூடேறிக் கூரின் பதம் கெடும்.

கடைசியாக, கிராம அதிகாரிகளிடம் ஒரு விண்ணப்பம். புறம்போக்கில் வேலிக்காத்தானை வெட்ட ஏலம் விடும்போது, நேரான அடிமரத் துண்டுகள் சிலவற்றை ஊர்க் கொல்லருக்கும் தச்சருக்கும் ஒதுக்கித் தரும்படி ஏற்பாடு செய்யலாகாதா? ஏலத்தொகையில் அதனால் நேரும் குறைவு அற்பமே.

செய்து முடித்த பிடிக்கு ஆளிவிதை எண்ணெயே உத்தமம். அது மரத்திலேறி உறைந்துவிடும். தேங்காயெண்ணெயும் விளக்கெண்ணெயும் உறைவதில்லை. ஆளி எண்ணெய் துடைத்த கந்தையைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து வெளியில் உலர்த்துக.