போர்த்த வேண்டாம், கழற்றி மாட்டுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை புளியஞ்சோலையில் நிற்கும் கார்களில் பாதிக்குக் கதவு திறந்தே கிடக்கும். கொல்லிமலையிலிருந்து இறங்கிவரும் ஐயாற்றில் ஆசை தீரக் குளித்தவர்கள், தலையைத் துவட்டியும் துவட்டாமலும் குடும்பம் குடும்பமாக வண்டி ஏறுகிறார்கள். திருச்சி, துறையூர், முசிறி, பெரம்பலூர் என்று பல ஊர் வண்டிகள். சிலர் சீட்டில் துண்டு விரிக்கிறார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. ரெக்சின் கவர்தானே, வீட்டுக்குப் போய்த் துடைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு.

மேலே நிற்கும் தண்ணீரைத் துடைக்கலாம். தையல் ஓட்டை வழியாக இறங்கியதை என்ன செய்வது? கடைகளில் விற்கும் கவர்களில் பெரும்பாலானவை, கம்பெனி போட்டுத் தந்த துணி உறையைக் கழற்றாமல் அதன் மேலேயே மாட்டப்படுபவை. இறங்கிய நீரைக் கீழே இருக்கும் துணியும் ஃபோமும் குடித்துவிடும். மேலே ரெக்சின் மூடியிருப்பதால் அது ஆவியாகவும் வழியில்லை. கண்ணாடியை ஏற்றி நான்கு நாள் வெயிலில் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்கும் புழுக்க நாற்றம் அங்கிருந்துதான் வருகிறது.

நாற்றத்தையாவது சகித்துக்கொள்ளலாம். முன்சீட்டில் இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

2019 ஜூலை முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான ஏர்பேக் கட்டாயம். 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்து சீட்டுக்கும் கட்டாயமாயிற்று. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் திட்டத்தை மத்திய அரசு கைவிட்டாலும், 2023 அக்டோபரில் பாரத் என்கேப் மோதல் சோதனை தொடங்கிய பிறகு சின்னக் கார்களில்கூட அவை வர ஆரம்பித்துவிட்டன. அந்த ஆறில் இரண்டு, முன்சீட்டுகளின் முதுகில் கதவை ஒட்டிய ஓரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே ஒரு சின்னப் பட்டையில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும். பக்கவாட்டில் மோதினால் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் அது விரிந்து விலா எலும்புக்கும் கதவுக்கும் நடுவே வந்துவிட வேண்டும். அதற்காகவே அந்த ஓரத் தையலைச் சட்டென்று பிரியும்படி தனி நூலில் தைக்கிறார்கள். இவ்வளவு கணக்கோடு செய்த இடத்தின் மேல் தடித்த ரெக்சினைப் போர்த்தி, அறுபடாத நைலான் நூலில் சுற்றித் தைத்தால் பை எங்கே விரியும்? காரோடு வரும் கையேடுகள் இதை எச்சரிக்கின்றன. கவர் வாங்கும் நாளில் அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் குறைவு.

ஆகவே புது உறை வேண்டுமென்றால் பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுவதே முறை. ஏர்பேக் இல்லாத பழைய மாருதி 800, ஆம்னி போன்ற வண்டிகளுக்கு இதை வீட்டு வாசலிலேயே செய்யலாம். முன்சீட்டைத் தரையோடு பிடித்திருப்பவை பொதுவாக நான்கு போல்ட்டுகள். சீட்டை முன்னே தள்ளிப் பின் போல்ட்டுகளையும், பின்னே தள்ளி முன் போல்ட்டுகளையும் கழற்ற வேண்டும். கவிழ்த்துப் பார்த்தால் உறையின் ஓரம் பிளாஸ்டிக் கொக்கியாகச் சட்டத்தைக் கவ்வியிருப்பது தெரியும். நடுப்பள்ளங்களில் இரும்பு வளையங்கள் உறையை ஃபோமுக்குள் ஓடும் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அவற்றை வெட்டியெடுத்துப் புதிய வளையம் போட வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். ஒரு வளையத்தை விட்டுவிட்டால்கூட உறை அந்த இடத்தில் கூடாரம்போலத் தூக்கிக்கொள்ளும். புது உறையை அரைமணி நேரம் வெயிலில் காயவைத்தால் இளகும். நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்துக்கொண்டே போனால் சுருக்கம் விழாது. அமுங்கிப்போன ஃபோமை மாற்றவும் இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு ஓடுகிறதா? அது ஏர்பேக் வயர். அந்த வண்டியில் முன்சீட்டை வீட்டில் தொடாமலிருப்பதே நல்லது. பின்சீட்டிலும் ஓரத்தில் அந்தப் பட்டை இல்லையென்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

எதை வாங்குவது என்பதிலும் ஏமாற இடமுண்டு. லெதர் சீட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பி.வி.சி. அல்லது பி.யு. பூசிய துணி. பின்பக்கத்தைத் திருப்பினால் நெசவு தெரிந்துவிடும். தோலாக இருந்தால் நார்நாராக இருக்கும். மலிவான பி.யு. பூச்சு ஈரத்திலும் வெக்கையிலும் சில ஆண்டுகளில் செதில் செதிலாக உரியும். ஆற்றுக் குளியலுக்கு அடிக்கடி போகிற குடும்பத்துக்கு நல்ல பி.வி.சி. போதும். துவைத்துக் காயவைக்கக்கூடிய துணி உறை இன்னும் மேல். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலுக்குப் பேர்போன மாநிலம் நம்முடையது. ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்ட மரபு திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் உண்டு. ஆனாலும் அசல் தோலுக்குச் செலவழிப்பவர், ஈரத்துணியோடு அதில் உட்காரக் கூடாது என்பதையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தீப்பிடிக்கும் வேகம் இன்னொரு கவலை. அமெரிக்காவில் காருக்குள் இருக்கும் துணி, ஃபோம் எதுவும் நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக் கூடாது என்ற விதி 1972-லிருந்து நடப்பில் இருக்கிறது. இந்தியாவிலும் இதற்கு ஐ.எஸ். 15061 என்ற தர அளவு உண்டு. புதிய காரை விற்கும் கம்பெனியைக் கேட்கிற இந்தக் கேள்வியை, நாளைக்கே அதன் மேல் மாட்டப்படும் கவரைப் பார்த்தும் கேட்க வேண்டாமா?

இதில் குஷன் கடைக்காரரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. நாமக்கல்லின் லாரி பாடி பட்டறைகளிலும் கரூரின் பஸ் பாடி பட்டறைகளிலும் வேலை பழகிய கைகள் எந்த வடிவ சீட்டுக்கும் அச்சாக உறை தைத்துவிடும். அந்தக் கைகளுக்கு ஏர்பேக் தையல் எப்படி இருக்க வேண்டும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. திருவெறும்பூர், நாமக்கல் அரசு ஐ.டி.ஐ.களில் மாலை நேரக் குறுகிய பயிற்சி ஒன்றைத் தொடங்கலாம். எந்த மாடலுக்குத் தைத்தது, பக்க ஏர்பேக்குக்கு ஏற்றதா, எரியும் வேகச் சோதனையில் தேறியதா என்ற மூன்று விவரங்களையும் கவரின் பெட்டி மீதும் பில்லிலும் தமிழில் அச்சிட வேண்டும் என்று அரசு உத்தரவிடலாம். அதுவரை, முன்சீட்டுக் கவருக்குப் பணம் கொடுக்கும் முன் அந்த ஏர்பேக் பட்டையைக் கடைக்காரரிடம் விரல் வைத்துக் காட்டி, இந்த இடத்தை எப்படித் தைப்பீர்கள் என்று வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும்.