நின்ற பிறகுதான் பயணம் முடிகிறது

கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்களில் ஒரு சலுகை உண்டு. டி.சி.எஸ். என்ற சிமுலேட்டரில் மஸ்டாங், ஸ்பிட்ஃபயர் போன்ற இரண்டாம் உலகப் போர் விமானங்களுக்கு 'டேக்-ஆஃப் உதவி' என்று ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். எத்தனை சதவீதம் உதவி வேண்டும் என்று குறித்துவிட்டால் போதும். ஓடுபாதையில் விமானம் கோணிக்கொண்டு போகாமல் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். அதைப் பூஜ்யத்தில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும் என்பது என் கட்சி. ஓய்வு பெற்ற குமாஸ்தாவுக்கு இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்கள் இன்று ஒரு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் வழக்கம்போல் பழைய ஆபீஸ் கதைக்கு வந்துவிடுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம். இன்று நாம் ஏறும் பயணிகள் விமானத்துக்கு மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் இருக்கிறது. அந்தக் காலத்துப் போர் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. முன்னால் இரண்டு பெரிய சக்கரங்கள், வாலுக்கடியில் ஒரு சின்னச் சக்கரம், அவ்வளவுதான். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்ததால் எனக்கு இது 'த்ரேன் க்ளாசிக்' என்ற பெயரில்தான் முதலில் அறிமுகம்.

இந்த அமைப்பில் விமானத்தின் எடை மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கிறது. நேராக ஓடும்வரை தொல்லை இல்லை. மூக்கு கொஞ்சம் ஒரு பக்கம் திரும்பினால், பின்னாலிருக்கும் எடை சக்கரங்களை முந்திக்கொண்டு முன்னே வரப் பார்க்கும். திருப்பம் இன்னும் பெரிதாகும். டிராக்டர் டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பவரைப் பார்த்திருந்தால் புரியும். ஒரு சாண் விலகியதை அப்போதே திருத்தாவிட்டால் டிரெய்லர் மடங்கிக்கொண்டு நிற்கும். விமானம் என்றால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றி, இறக்கை நுனி தரையில் தேய்ந்து, சக்கரக் கால் ஒடிந்து உட்காரும். இதற்கு பிரெஞ்சில் 'ஷவால் த ப்வா' என்று பெயர். மரக்குதிரை என்று அர்த்தம். திருவிழா ராட்டினத்தில் சுற்றுமே, அந்தக் குதிரைதான்.

இது போதாதென்று புரொப்பெல்லர் வேறு. அது கிளப்பும் காற்று விமானத்தைச் சுற்றிச் சுழன்று போய் வாலில் ஒரு பக்கமாக மோதும். மெர்லின் என்ஜின் வைத்த ஸ்பிட்ஃபயர் புறப்படும்போது இடப்பக்கம் இழுக்கும். பின்னால் வந்த க்ரிஃபன் என்ஜின் எதிர்த்திசையில் சுழலும் என்பதால் அந்த ஸ்பிட்ஃபயர் வலப்பக்கம் இழுக்கும். பெயர் ஒன்றுதான், கால் செய்ய வேண்டிய வேலை நேர்மாறு.

என் பேரன் கேட்பான், "தாத்தா, மேலே போய்ச் சண்டை போடத்தானே இந்த கேம்? கீழே இத்தனை நேரம் என்ன பண்றீங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் தரையில் ஓடும் அந்தச் சில நிமிடங்களில்தான் ஒவ்வொரு விமானத்தின் குணமும் தெரிகிறது என்பது என் அனுபவம்.

மஸ்டாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பி-51டி வகையில் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து வைத்திருந்தால் வால்சக்கரம் பெடலுக்குக் கட்டுப்பட்டு இரு பக்கமும் 6 டிகிரி மட்டும் திரும்பும். ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் பூட்டு விட்டுப்போய்ச் சக்கரம் இஷ்டத்துக்குச் சுழலும். புறப்படும் அவசரத்தில் வாலைச் சீக்கிரம் தூக்க வேண்டுமென்று ஸ்டிக்கை முன்னால் தள்ளுகிறவர்கள், தங்களுக்குத் துணை நிற்கும் பூட்டைத் தாங்களே திறந்து விடுகிறார்கள். பிறகு 'சிமுலேட்டர் சரியில்லை' என்று குறை சொல்வார்கள்.

ஸ்பிட்ஃபயரில் அந்தப் பூட்டும் கிடையாது. இடது கால், வலது கால் என்று தனித்தனி பிரேக்கும் இல்லை. ஸ்டிக்கின் கைப்பிடியில் ஒரே ஒரு பிரேக் லீவர். கால் எந்தப் பக்கம் மிதித்திருக்கிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்குக் காற்றழுத்தம் அதிகம் போகும். நீண்ட மூக்கு முன்னால் எதையும் காட்டாது என்பதால் பாம்பு போல வளைந்து வளைந்துதான் போக வேண்டும். நிதானமாகப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. இறக்கைக்கடியில் உள்ள ரேடியேட்டருக்குத் தரையில் போதிய காற்று கிடைக்காமல் என்ஜின் சூடாகிவிடும்.

ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்குச் சக்கரக் கால்களை இறக்கையில் பொருத்தாமல் உடலோடு பொருத்தினார்கள். இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலிலேயே நிற்கும். ரயிலில் ஏற்றவும் பழுது பார்க்கவும் வசதி. ஆனால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே இடைவெளி குறைந்தது. ஒரு துறையின் வசதிக்காகப் போட்ட ஆணை இன்னொரு துறையின் தலையில் விடியும் என்பது அரசு ஊழியருக்குப் புதிதல்ல. இங்கே அது விமானிகளின் தலையில் விடிந்தது. புறப்படும்போதும் இறங்கும்போதும் நொறுங்கிய 109-கள் ஏராளம். போரின் கடைசிக் காலத்தில் குறைந்த மணி நேரமே பயிற்சி பெற்று வந்த பையன்களிடம் அந்த விமானத்தைக் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரான்சின் தெவுவத்தீன் 520 பற்றி எரிக் பிரவுன் சொன்னதும் இதே ரகம். 487 வகை விமானங்களை ஓட்டிய பிரிட்டிஷ் சோதனை விமானி அவர். அது பார்க்கத்தான் அழகு, ஹேங்கருக்குள் போய் என்ஜின் நிற்கும்வரை கையையும் காலையும் எடுக்கக்கூடாது, இல்லாவிட்டால் திடீரென்று செங்கோணத்தில் திரும்பி ஓடிவிடும் என்பது அவர் கருத்து.

எதிர்க்கட்சிக்கும் ஒரு நியாயம் உண்டு. நிஜ விமானி, விமானம் கோணுவதை முதலில் தன் இருக்கையில் உணர்கிறார். ஓரக்கண்ணில் ஓடுபாதையின் இரு விளிம்பும் தெரிகின்றன. நாமோ அசையாத நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தட்டைத் திரையைப் பார்க்கிறோம். கோணல் கண்ணில் படுவதற்குள் பாதி காரியம் முடிந்திருக்கும். ஆகவே சிமுலேட்டரில் இது நிஜத்தைவிடக் கஷ்டம் என்று சிலர் சொல்வதை நான் மறுக்கவில்லை. காலில் பலவீனம் உள்ளவர்களும், முதல் நாள் பழகும் பிள்ளைகளும் அந்த உதவியை வைத்துக்கொள்ளட்டும். யாரும் குறை சொல்லப்போவதில்லை.

மற்றவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. முறுக்கும் ஜாய்ஸ்டிக்கைவிடக் கால் பெடல் நல்லது. பார்வையை மூக்கின் மேல் வைக்காமல் தூரத்தில் ஓடுபாதை முடியும் இடத்தில் வையுங்கள். என்ஜின் சக்தியை ஒரேயடியாகத் திறக்காமல் மெல்லக் கூட்டுங்கள். பெடலை அழுத்திப் பிடிக்காமல் சின்னச் சின்னதாக மிதித்து உடனே விடுங்கள். இறங்கிய பிறகு ஸ்டிக்கை வயிற்றோடு சேர்த்துப் பிடியுங்கள். வேகம் குறையக் குறைய வாலில் உள்ள சுக்கானுக்குப் பலம் போய்விடும். 'தரை தொட்டாயிற்று' என்று கால் ஓய்வெடுக்க நினைக்கும் அந்த நேரத்தில்தான் மரக்குதிரை சுற்றக் காத்திருக்கிறது.

நான் வற்புறுத்துவதற்குக் காரணம் வீம்பு அல்ல. போர் விமானி என்றால் வானத்தில் சண்டையிட்டு விழுந்தவர் என்றே சினிமாவும் கதையும் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றன. எதிரியைக் கண்ணால்கூடப் பார்க்காமல், சொந்த ஓடுபாதையில், ஒரு பக்கத்துக் காற்றிலும் ஒரு விநாடி தாமதத்திலும் போன இருபது வயதுப் பிள்ளைகள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். அவர்களுக்கு எது அவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நம் காலுக்குப் புரிய வைக்கும் சாதனம் இந்த சிமுலேட்டர் ஒன்றுதான். அதையும் சதவீதக் கணக்கில் கழித்துவிட்டால், மிச்சமிருப்பது சுடும் விளையாட்டு மட்டுமே.

சிமுலேட்டர் செய்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உதவி இருக்கட்டும், ஆனால் கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். இத்தனை விமானம் வீழ்த்தினார் என்று எழுதும் பதிவேட்டில் இன்னொரு பத்தியும் சேர்த்து, எத்தனை முறை விமானத்தை முழுதாகக் கொண்டுவந்து நிறுத்தி என்ஜினை அணைத்தார் என்றும் எழுதுங்கள். நான் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான்.