குமாரகோவிலில் இருந்து ஒரு செயற்கைக்கோள்... அப்புறம்?

2017 ஜூன் 23, காலை 9.29 மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. சி-38 ராக்கெட்டில் 712 கிலோ கார்ட்டோசாட்தான் முக்கியப் பயணி. கூடவே 30 குட்டிச் செயற்கைக்கோள்கள். அதில் 29, பதினான்கு நாடுகளைச் சேர்ந்தவை. மிச்சம் இருந்த ஒன்று மட்டும் இந்தியாவுடையது, 15 கிலோ எடை, பெயர் நியூசாட். செய்தது பெங்களூரோ மும்பையோ இல்லை. தக்கலை பக்கம் குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம்!

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு இது புதிதல்ல. 2009-ல் அண்ணா பல்கலையின் அனுசாட், 2011-ல் எஸ்.ஆர்.எம்.சாட், 2016-ல் சத்யபாமாசாட் என்று ஏற்கெனவே போயிருக்கின்றன. ஆனால் குமரி மாவட்டத்துக்கு இது பெரிய விஷயம். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரி. ராக்கெட் எஞ்சின்களை இஸ்ரோ அங்கேதான் சோதிக்கிறது. இத்தனை வருடம் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த விண்வெளி ஆராய்ச்சி, ஒருவழியாக இந்தப் பக்கமும் இறங்கியது. பெருமைப்படுவதில் தப்பே இல்லை.

கேள்வி அதற்கு அடுத்தது. ஒரு தொழில்நுட்பப் பல்கலையும் இஸ்ரோவும் சேர்ந்து செய்தால் அது "கூட்டு ஆராய்ச்சி". இந்தக் கூட்டில் யார் யார் இருந்தார்கள்?

மாணவர்கள் இருந்தார்கள். வழிகாட்டவும் ஏவவும் இஸ்ரோ இருந்தது. செயற்கைக்கோளோடு பேசவும் படங்களை இறக்கவும் வளாகத்திலேயே ஆன்டெனாக்கள் வந்தன. புத்தகத்தில் படிப்பதை நிஜமாகவே வானத்துக்கு அனுப்பிப் பார்ப்பதை எந்த செமஸ்டர் பரீட்சையும் கற்றுத் தராது. இதற்காக மட்டும்தான் என்றால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. ஆனால் அறிவித்த நோக்கம் வேறு: பயிர்களைக் கண்காணிப்பது, பேரிடர் மேலாண்மைக்கு உதவுவது. அப்படிச் சொன்ன பிறகு பயிர்க்காரனும் பேரிடரில் மாட்டுகிறவனும் கணக்குக் கேட்கத்தானே செய்வார்கள்?

கணக்குக் கேட்கும் நாள் சீக்கிரமே வந்தது. ராக்கெட் போய் ஐந்தே மாதம். நவம்பர் 30, ஒக்கி. வாழையும் ரப்பரும் வேரோடு சாய்ந்தன. வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் எச்சரிக்கை வருவதற்கு முன்பே கடலில் வெகுதூரம் போயிருந்தார்கள். பலர் திரும்பவே இல்லை.

இதற்கு நியூசாட்டைக் குறை சொல்வது அநியாயம். சாதாரணக் கேமராவுக்கு மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் சக்தி கிடையாது. புயல் என்றாலே மேகம்தான். ஆனால் "பேரிடர்" என்ற வார்த்தையைத் திட்டத்தில் எழுதும்போது, தூத்தூர் கரையில் போய் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் என்ன பதில் வந்திருக்கும்? படம் வேண்டும் என்று ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கரையில் இருந்து ஒரு வார்த்தை வர வேண்டும், படகில் இருந்து ஒரு வார்த்தை போக வேண்டும், அவ்வளவுதான். 2019 அக்டோபரில் வந்த ஜெமினி கருவி இதில் பாதியைத்தான் செய்தது. எச்சரிக்கை படகுக்கு வரும், திருப்பிப் பேச முடியாது. இருவழியிலும் தகவல் அனுப்பும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் நாடு முழுக்கத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். ஒக்கி முடிந்து ஏறக்குறைய ஏழு வருடம்!

கேட்டுச் செய்த ஆராய்ச்சி இந்த மாவட்டத்தில் நடந்ததே இல்லையா? நடந்திருக்கிறது, முட்டத்தில். கட்டுமரத்துக்குத் தோதான பெரிய தடிகள் கிடைக்காமல் விலை ஏறிக்கொண்டே போன காலம். பெல்ஜியத்தில் இருந்து வந்த பியர் ஜில்லே என்ற பாதிரியார், அவர் ஒரு எஞ்சினியரும்கூட, ப்ளைவுட் பலகைகளைத் தைத்துப் பசையால் ஒட்டிப் படகு கட்டும் முறையை இங்கே கொண்டுவந்தார். வரைபடம் என்னவோ காகிதத்தில்தான். தேர்வு வைத்தது முட்டத்து அலை, மதிப்பெண் போட்டது மீனவர்கள். குறை சொல்வார்கள், மாற்றுவார், மறுபடி கடலுக்குப் போகும். பிறகு ப்ளைவுட் வள்ளம் தென்கரையில் ஊர் ஊராகப் பரவியது. அந்த அனுபவத்தை அவர் 1985-ல் ஆங்கிலத்தில் புத்தகமாகவே எழுதினார். தலைப்பைத் தமிழில் சொன்னால், "சிறியது கடினம்". (சிறியதே அழகு என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில் இப்படி ஒரு தலைப்பு வைக்கக் கொஞ்சம் குறும்பு வேண்டும்.)

வயல் பக்கமும் இதே கதைதான். திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த டி.பி.எஸ். ரகங்களை நாஞ்சில் நாட்டு விவசாயி பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார். கன்னிப்பூவுக்கு எது, கும்பப்பூவுக்கு எது என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தெரியாமல் வானத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. நெல், பக்கத்திலேயே வாழை, வரப்பில் தென்னை, கொஞ்சம் மேலே போனால் ரப்பர். போதாததற்கு இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர். பாதி நாள் மேகம் மூடித்தான் இருக்கும்.

"மாணவர் செயற்கைக்கோள் பயிற்சிக்குத்தானே, இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயம்தான். அப்படியானால் பயிற்சி என்றே எழுதிவிடலாமே!

இன்னொன்று. அடுத்த கூட்டு ஆராய்ச்சிக்கு ராக்கெட்கூடத் தேவையில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-1 மேகத்தைத் தாண்டிப் பார்க்கும் ராடார் செயற்கைக்கோள். அதன் படங்கள் யாருக்கும் இலவசம். இன்டர்நெட்டும் ஒரு நல்ல கம்ப்யூட்டரும் போதும். குமாரகோவில் மாணவர்கள் நாலு பேர், திருப்பதிசாரத்தில் இருந்து ஒரு விஞ்ஞானி, சுசீந்திரம் பக்கத்து வயல்காரர்கள் பத்து பேர் சேர்ந்தால், இந்தக் கும்பப்பூவில் எந்த வயல் எப்போது நட்டது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அவ்வப்போது ஒரு வரைபடம் போட்டுப் பார்க்கலாம். தப்பாக வந்தால் அந்த வயல்காரரே வந்து சொல்லிவிட்டுப் போவார். மாணவர்கள் நாலு வருடத்தில் படிப்பை முடித்துக் கிளம்பிவிடுவார்கள், வயல்காரர் அங்கேயேதான் இருப்பார். அவர் பெயரும் கூட்டாளிகள் பட்டியலில் இருந்தால், அடுத்த பேட்ச் வந்ததும் "போன வருசம் நெல்லை வாழைன்னு போட்டீங்களே, அதைச் சரி பண்ணியாச்சா?" என்று முதல் கேள்வியை அவரே கேட்பார்.